குளிர்ந்த இன்ஜினும் துலுக்காத கிடாயும்

முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர் காலை ஆறு இருபதுக்கு ஊற்றப்பட்டது. கிடாய் துலுக்கவில்லை.

அன்னவாசலுக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கும் அந்தக் கருப்பர் கோயிலில் ஒரு காரியத்துக்கு உத்தரவு கேட்பது இப்படித்தான். கிடாய்க்கு மாலை போட்டுச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, தலையிலிருந்து வால் வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறித் தண்ணீரைச் சிதறடித்தால் சாமி சம்மதித்துவிட்டது என்று பொருள். அதைத்தான் துலுக்குவது என்பார்கள். உதறாமல் நின்றால் சாமிக்கு மனம் இல்லை. வெட்டு அன்றைக்குக் கிடையாது. காரியம் நல்லபடியாக முடிந்த பிறகுதான்.

கேள்வி உடையப்பனுடையது. காரியம் அவருடைய மகள் ஹரிணியுடையது. ஹரிணிக்கு இருபத்தேழு வயது. சென்னைக்கு வெளியே ஒரு கார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. வேகமாக ஓடக்கூடிய கார்களின் இன்ஜின், குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பவள். அந்த வேலைக்காக அவளை மூன்று மாதம் சுவீடனின் வடகோடிக்கு அனுப்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து விமானம். அம்மா சுகுணா கம்பளிக் காலுறை வரைக்கும் வாங்கிப் பெட்டி கட்டிவிட்டாள். உடையப்பன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "கருப்பர்ட்ட கேப்போம். அவரு சரின்னா எனக்கும் சரி" என்று மட்டும் சொன்னார். ஹரிணியும் தலையாட்டினாள். அப்பா வாயிலிருந்து ஒரு சொல் வராமல் கிளம்ப அவளால் முடியாது. அது அவருக்கும் தெரியும்.

ஆகவே தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் பங்காளிகள் ஐம்பத்தெட்டுப் பேர் கோயில் திடலில் நின்று, ஒரு கறுப்புக் கிடாயைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி திருமுருகன் இரண்டாவது சொம்பை ஊற்றினார். கிடாய் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவதில் தலையை லேசாக உயர்த்திக் கழுத்தைக் காட்டியது, இங்கேயும் கொஞ்சம் ஊற்று என்பதுபோல.

"யாரு மனசுலயோ கொறை இருக்கு" என்றார் திருமுருகன். வார நாட்களில் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் அவர். எதையும் முறைப்படிதான் செய்வார். "இருந்தா இப்பயே வாயவிட்டுச் சொல்லிருங்க. மனசுல வச்சிக்கிட்டு நின்னா நாள் பூரா ஊத்துனாலும் துலுக்காது."

உடையப்பனின் தங்கை செவந்தி முதலில் முன்வந்தாள். அண்ணன் வீட்டுக் குடிபுகுதலில் தாம்பூலத் தட்டை முதலில் தன்னிடம் நீட்டவில்லை என்ற வருத்தம் ஒன்பது வருஷமாக இருக்கிறது என்றாள். உடையப்பன் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். ஒரு சொம்பு ஊற்றப்பட்டது. கிடாய் நின்றது.

பெரிய பங்காளியான ஐயனார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தொண்டையைச் செருமினார். "போன வருசம் பொங்க நோட்டீசுல என் பேரை எறும்பு சைசுல போட்டிருந்தீங்க. நானும் பூதக்கண்ணாடிய வச்சுத்தான் பாத்தேன்."

"அடுத்த வருசம் போட்டோவோட போட்டுருவோம்ண்ணே" என்றார் உடையப்பன்.

ஒரு சொம்பு. கிடாய் மாலையில் இருந்து ஒரு செவ்வந்தியைப் பிய்த்துத் தின்றது.

அப்புறம் குறைகள் மளமளவென்று வந்தன. ஒருவர் வரப்பைச் செதுக்கியதை ஒப்புக்கொண்டார். இன்னொருவர், எதிர்வீட்டுக்காரரின் வைஃபை பாஸ்வேர்டு தனக்குத் தெரியும் என்றார். எதிர்வீட்டுக்காரர் அங்கேயே நின்றிருந்தார்; அவருக்கு அது செய்தி. கடைசியாக உடையப்பனின் தம்பி உதயசூரியன் கையைத் தூக்கினார்.

"நான் அண்ணங்கிட்ட கேக்காமத்தான் அந்தக் காரை வாங்குனேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புளியமரத்துக்கு அடியில் இரவெல்லாம் நின்று, பனியில் நனைந்து, தரையோடு தரையாகப் படுத்திருந்தது சிவப்பு நிற ஜெர்மன் கார். இரண்டே கதவு, ஆறு சிலிண்டர். அபுதாபியில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வந்த உதயசூரியன், கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. புதுக்கோட்டையில் அவர் குடியிருக்கும் தெருவில் வேகத்தடைகளைத் தாண்ட அதற்கு நாலு பேர் வழி சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் கொறையில சேராது, மூளையில சேரும்" என்றாள் செவந்தி. "கிடா எங்க வாங்குன? அதச் சொல்லு. தண்ணிய ஊத்துனா எண்ணெய் தேச்சுக் குளிக்கிற மாதிரியில்ல நிக்கிது."

உதயசூரியன் சற்றுத் தயங்கினார். "அன்னவாசல் வாட்டர் சர்வீஸ்ல."

"எங்க?"

"வண்டி கழுவுற எடத்துல அக்கா. காரக் கழுவ விட்டிருந்தேன். அங்கன மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நல்ல கறுப்பா இருக்கேன்னு..."

பிறந்ததிலிருந்து பிரஷர் பம்பின் சாரலில் வளர்ந்த கிடாய் அது. ஒரு நாளைக்கு நாற்பது வண்டிக்கான தண்ணீரைப் பார்த்த உடம்புக்கு ஒரு சொம்பு எந்த மூலைக்கு? கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. உடையப்பன்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. பூசாரியின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்து உத்தரவு கேட்கும் நாள் வெள்ளிக்கிழமை. விமானம் செவ்வாய்.

"போயி வேற கிடா கொண்டா" என்றார் திருமுருகன். "நான் இதுக்கு இன்னும் ஒரு சொம்பு ஊத்திப் பாக்குறேன்."

உதயசூரியன் ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்.

அந்தச் சத்தத்தைத் திடலில் யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் தொண்டைக்குள் எதுவோ சிக்கியதுபோல ஒரு இருமல். மறுநொடி கார் முழுத் தொண்டையில் கத்தியது. பின்னால் இருந்த நாலு குழாயும் வெள்ளையாகப் புகைந்தன; தண்ணீர்த் துளிகளைத் துப்பின. உடம்பு நடுங்கியது. கூரையிலிருந்த பனித்தண்ணீர் ஓரங்களில் வழிந்தது. புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. திருமுருகனின் கையிலிருந்து சொம்பு நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது. ஐம்பத்தெட்டுப் பேரும் காரைப் பார்த்தார்கள்.

ஏறக்குறைய ஒரு நிமிடம் கத்திவிட்டு, யாரோ தோளைத் தட்டிச் சமாதானம் சொன்னதுபோலக் கார் தானாக அடங்கியது. பிறகு மெல்லிய முனகல் மட்டும்.

கூட்டம் கிடாயின் பக்கம் திரும்பியது. மாலை தரையில் கிடந்தது. பூசாரியின் மார்பு முழுக்க மஞ்சள் துளிகள். கிடாய் இரண்டடி தள்ளி நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"துலுக்கிருச்சா?" என்றார் உடையப்பன்.

அவரே பூசாரியின் பக்கம் திரும்பினார்.

"பூசாரி, ஒங்க மேலெல்லாம் தெறிச்சிருக்கே?"

"சொம்பு விழுந்ததுல தெறிச்சதா, கிடா ஒதறுனதுல தெறிச்சதான்னு எனக்கே தெரியல" என்றார் திருமுருகன். "நான் காரைல்ல பாத்தேன்."

பத்து நிமிடம் வாதம் நடந்தது. காரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாலை தானாக விழாது என்றாள் செவந்தி. பாதியைக் கிடாய் தின்றுவிட்டதால் அறுந்து விழுந்திருக்கும் என்றார் ஐயனார். அதற்கும் மேல், கிடாயின் கயிற்றைக் கல்லில் கட்டியிருக்கக் கூடாது, கேள்வி கேட்டவர்தான் பிடித்திருக்க வேண்டும், இது முதலிலிருந்தே முறைப்படி இல்லை என்றார். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர்.

"சரி, அந்தக் கிடாய விட்ருவோம். வேற வாங்கியாறேன்" என்றார் உதயசூரியன்.

திருமுருகன் கையை நீட்டித் தடுத்தார். "இனிமே முடியாது. ஒருவேளை இது துலுக்கியிருந்தா? கருப்பரு குடுத்த உத்தரவ நம்ம கண்ணால பாக்கல, அவ்வளவுதான். அதுக்கு மேல இன்னொரு கிடா கொண்டாந்தா, நீ சொன்னது எனக்குக் கேக்கல, திருப்பிச் சொல்லுன்னு அவரையே அதட்டுற மாதிரி. கேட்டா இந்தக் கிடாயிட்டதான் கேக்கணும்."

"அப்ப காரைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணு" என்றாள் செவந்தி. "இந்த வாட்டி எல்லாரும் கிடாயப் பாப்போம்."

உதயசூரியன் அணைத்துவிட்டு மறுபடி பட்டனை அழுத்தினார். கார் ஒரு பூனையைப்போல் முனகியது. கத்தலும் இல்லை, நடுக்கமும் இல்லை. கிடாய் அசை போட்டது.

"மிதிடா!" என்றார் ஐயனார். "ஆக்சிலேட்டர நல்லா மிதி!"

"மிதிக்காதீங்க சித்தப்பா!" ஹரிணி ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரையும் நிறுத்தியவர் பூசாரி. "அதுவா கத்துனா அது கருப்பரு கணக்கு. நீ கால வச்சுக் கத்த வச்சா அது மெரட்டுறது. மெரட்டி வாங்குறதுக்குப் பேரு உத்தரவு இல்ல."

இந்தத் தீர்ப்பை யாரும் மறுக்கவில்லை. மறுக்க முடியாதபடி சரியாக இருந்தது. எல்லோரும் இப்போது ஹரிணியைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, காலையில மட்டும் ஏன் இப்படிக் கத்துது?" என்றார் உதயசூரியன், குரலைத் தாழ்த்தி. "வாங்குன நாள்லேருந்து கேக்கணும்னு இருந்தேன். எதுத்த வீட்டு வாத்தியாரு அலாரத்தையே வித்துட்டேங்கிறாரு. கோயம்புத்தூர்க்காரன் ஏமாத்திட்டானோன்னு ஒரு பயம். அதான் தெனமும் ஸ்டார்ட் பண்ண ஒடனே ரெண்டு மிதி மிதிச்சுச் சளியெடுத்து விடுவேன்."

ஹரிணி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "இனிமே அப்படிச் செய்யாதீங்க. காலையில ஆயில் கெட்டியா கெடக்கும். எல்லா எடத்துக்கும் போய்ச் சேர நேரமாகும். அப்ப மிதிச்சா இரும்பும் இரும்பும் ஒரசும். காருக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. அது வேணும்னேதான் கத்துது."

"வேணும்னேயா?"

"புகையச் சுத்தம் பண்றதுக்குன்னு சைலன்சர் பக்கம் ஒரு சாமான் இருக்கு சித்தப்பா. அது நல்லாச் சூடானாத்தான் வேலை செய்யும். அதனால இன்ஜின் குளுந்து கெடந்தா, கம்ப்யூட்டர் வேகத்தக் கூட்டி, பெட்ரோலைக் கொஞ்சம் லேட்டாப் பத்தவைக்கும். பாதி நெருப்பு உள்ள எரியாம குழாய் வழியாப் போயி அந்தச் சாமானச் சூடாக்கும். அந்த ஒரு நிமிசம்தான் சத்தம், நடுக்கம் எல்லாம். சூடானதும் அடங்கிரும்."

"இதுதான் ஒன் வேலையா?" என்றார் உடையப்பன். அவளுடைய வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இதேதான்ப்பா."

"அப்ப திரும்பக் கத்தணும்னா?"

"ஆறணும். முழுசா ஆறணும்."

"எம்புட்டு நேரம்?"

ஹரிணி வானத்தைப் பார்த்தாள். "சாயங்காலம் மூணு மணி, நாலு மணி ஆயிரும்."

திருமுருகன் கைபேசியில் காலண்டரைத் திறந்தார். "நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள."

இப்படியாக, ஒரு கார் ஆறுவதற்காக ஐம்பத்தெட்டுப் பேர் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

புளியமரத்தடியில் ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும் என்பதால் காரைக் கண்மாய்க் கரை ஆலமரத்துக்குத் தள்ள முடிவாயிற்று. ஓட்டினால் இன்னும் சூடாகும். பதினான்கு பேர் தள்ளினார்கள். கார் தாழ்வானது, கரை மேடானது. அடியில் வைக்கோல் பரப்பி, பலகை போட்டு, தேர் வடம் பிடிப்பவர்களின் குரலில் கத்தி ஏற்றினார்கள். உதயசூரியன் ஒவ்வொரு அடிக்கும் "பம்பரு, பம்பரு" என்று பின்னால் ஓடினார். மேலே போனதும் ஒருவர் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் ஊற்றப் பார்த்தார். ஹரிணி குடத்தைப் பிடுங்கித் தன் காலில் கொட்டிக்கொண்டாள். "சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சிரும் மாமா! காத்து போதும்."

காற்றுக்கு வழி செய்தவர் பிராங்க்ளின். திருவரங்குளத்தில் மைக்செட் வைத்திருப்பவர். பாட்டுப் போட வந்தவர், இப்படியொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் ஜெனரேட்டரைக் கரைக்கு நகர்த்தி, சாப்பாட்டுப் பந்திக்காகக் கொண்டுவந்த இரண்டு பெரிய மின்விசிறிகளை இன்ஜினுக்கு நேராக வைத்தார்.

"அப்ப எங்களுக்கு?" என்றாள் செவந்தி.

"ஒங்களுக்கு ராகுகாலம் இல்லக்கா. அதுக்கு இருக்கு."

ஹரிணி தன் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினாள். இன்ஜினை ஓட்டாமலே உள்ளே என்ன சூடு என்று கைபேசியில் காட்டும். அரை மணிக்கு ஒரு முறை பார்ப்பாள். பார்த்ததும் பிராங்க்ளின் மைக்கில் அறிவிப்பார்.

"அன்பார்ந்த பங்காளிகளே, தாய்மார்களே. இப்போதைய ஆயில் சூடு எழுபத்து நான்கு. எழுபத்து நான்கு. யாரும் பானெட்டின் மேல் உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்."

பதினொரு மணிக்கு அறுபத்தொன்று. கைதட்டினார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கருப்பர் ஒரு காரைக் கத்தவிட்டு அடக்கினார் என்ற அளவில் செய்தி போயிருந்தது. கிடாய்க்குத் தனியாக ஆள் போட்டு நிழலில் கட்டினார்கள். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, உடம்பு காய்ந்திருந்தால்தான் கூசும் என்று ஐயனார் கட்டளை இட்டிருந்தார். எமகண்டத்தில் பந்தி நடந்தது. ஐம்பத்தெட்டுப் பேருக்கு வடித்த சோறு தொண்ணூறு பேருக்கு எட்ட வேண்டியிருந்ததால், சுகுணா சாம்பாரில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றினாள்.

"எலையில கண்மாயே ஓடுது" என்றார் ஒருவர்.

"நீந்தத் தெரிஞ்சவங்க சாப்டுங்க" என்றாள் சுகுணா.

பந்தி முடிந்ததும் உடையப்பன் காரின் அருகில் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். மகள் பானெட்டுக்குள் கையை நீட்டி, எந்தக் குழாய் எவ்வளவு சூடு என்று புறங்கையால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் இப்படித்தான் ஒக்காந்திருப்பியா?"

"ஆமாப்பா. ராத்திரி பூரா காரை வெளிய விட்ருவோம். காலையில ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுவோம். என்ன பண்ணுதுன்னு எழுதுவோம். மாத்த வேண்டியத மாத்துவோம். அப்பறம் ஆறுற வரைக்கும் காத்துக் கெடக்கணும். ஒரு நாளைக்கு ஒரு தடவதான்."

"ஒரு நாளைக்கு ஒரு தடவ பட்டனை அமுத்த ஏரோபிளேன்ல கூட்டிட்டுப் போறாய்ங்களா?"

"அந்த ஒரு தடவ தப்பாப் போனா நாள் போச்சுல்ல."

உடையப்பன் இருந்த இடத்திலிருந்தே இன்ஜினை எட்டிப் பார்த்தார். "நம்ம பழைய ஆயில் இன்ஜினு மார்கழியில முக்குமே. சுத்திச் சுத்திக் கை வீங்கிரும். அந்த மாதிரியா?"

"அதேதான். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"துணியப் பந்தமாக் கொளுத்திக் காத்து இழுக்குற வாயில காட்டுவேன். பிடிச்சுக்கும்."

"இதுல கம்ப்யூட்டர் பந்தம் காட்டுது. எப்ப காட்டணும், எவ்வளவு நேரம்னு நான் அதுக்குச் சொல்றேன்."

அவர் எழுந்து வந்து, மகள் வைத்த இடத்தில் தானும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஒங்களுக்கு நான் போறது பிடிக்கலையாப்பா?" என்று கேட்டாள் ஹரிணி.

"பிடிக்கலன்னு சொன்னனா? துபாய்க்குப் போறேன்னா சரிங்கலாம். நம்ம ஆளுக பத்துப் பேரு இருக்காய்ங்க, வெக்கைன்னா எனக்குத் தெரியும். மைனஸ் முப்பதுன்னா என்னான்னே எனக்குத் தெரியாதுத்தா. தெரியாத எடத்துக்கு ஒரு பிள்ளைய நான் எதை வச்சுச் சரின்னு சொல்றது? அதான் தெரிஞ்சவருட்ட கேட்டேன்."

ஹரிணி புறங்கையைத் துடைத்துக்கொண்டாள். கைபேசியை அவரிடம் நீட்டினாள். நாற்பத்தாறு என்று இருந்தது.

"நாப்பத்தி ஆறு!" என்று உடையப்பனே கரையிலிருந்து கத்தினார். பிராங்க்ளின் அதை மைக்கில் திருப்பிச் சொன்னார். கீழே விசில் பறந்தது.

மூன்றரைக்கு நாற்பது. நாலு மணிக்கு முப்பத்தெட்டு. அதற்கு மேல் இறங்கவில்லை, வெளியே முப்பத்தொன்று. காலையில் இருபது இருந்தது.

"கத்துமா?" என்றார் திருமுருகன்.

"கத்தும்னுதான் நெனைக்கிறேன். ஆனா காலையில மாதிரி ஒரு நிமிசம் கத்தாது. பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு இருக்கலாம். ஒருவேளை கத்தாமலும் போகலாம்." ஹரிணி உண்மையைத்தான் சொன்னாள்.

நாலு ஐந்துக்குக் கிடாயைக் கரைக்கு ஏற்றினார்கள். கோயில் வாசல் நேர்கோட்டில் தெரிகிறது, அது போதும் என்று பூசாரி விதிவிலக்குக் கொடுத்தார். காருக்கு முதுகு காட்டி எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். ஐயனார் விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"சத்தம் வரும். வந்தா எவனும் திரும்பக் கூடாது. கண்ணு கிடா மேல. காரைப் பாக்குறவன் அடுத்த பொங்கலுக்குத் தலைக்கட்டு மரியாதை வரிசையில கடேசி. வெளங்குதா?"

"வெளங்குது!" என்றது கூட்டம்.

"சத்தியம்?"

"சத்தியம்!"

கயிற்றை உடையப்பன் பிடித்துக்கொண்டார். திருமுருகன் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டு, கேள்வியை உரக்கக் கேட்டார்: உடையப்பன் மகள் ஹரிணி, கடல் தாண்டிக் குளிர்நாட்டுக்குப் போகலாமா? கிடாயின் முதுகில் சொம்பைக் கவிழ்த்தார். மஞ்சள் தண்ணீர் கறுப்பு ரோமத்தில் மணிமணியாக நின்றது. கையைத் தூக்கினார். உதயசூரியன் இடது காலைப் பிரேக்கில் வைத்து, வலது காலை இருக்கையின் மேல் மடக்கிக்கொண்டு, ஆக்சிலேட்டரை மிதித்தான் என்று யாரும் சொல்லிவிடாதபடி, பட்டனை அழுத்தினார்.

ஒரு இருமல். அப்புறம் ஒரு நொடி எதுவுமில்லை.

பிறகு கத்தியது.

தொண்ணூறு பேரும் திரும்பினார்கள். ஐயனார் முதலில் திரும்பினார், விசில் வாயில் இருக்கும்போதே. பூசாரி திரும்பினார். செவந்தி திரும்பிக் குலவையே போட்டுவிட்டாள். மைக்கைப் பிடித்தபடி பிராங்க்ளின் "கத்துகிறது, கத்துகிறது" என்று அறிவித்தார். நாலு குழாயும் அதிர்ந்தன. கரையில் கிடந்த ஆலிலைகள் பறந்தன. கண்மாயில் நின்ற கொக்குகள் எழும்பிச் சுற்றின. கட்டிப்போட்ட சாமான்களோடு ஜெனரேட்டர் வண்டியே ஆடுவதுபோல் இருந்தது. பதினோராவது விநாடியில் கார் அடங்கியது. ஹரிணி கைபேசியில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறு பேரும் மெதுவாக, வெட்கத்தோடு கிடாயின் பக்கம் திரும்பினார்கள்.

உடையப்பன் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து கிடாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் திரும்பவே இல்லை.

"யாராச்சும் பாத்தீங்களா?" என்றார் திருமுருகன்.

யாரும் பார்க்கவில்லை. ஐயனார் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கயிறு பிடிச்சவரு பாத்தாருல்ல" என்றாள் சுகுணா. அன்றைக்கு முழுக்க இந்த விஷயத்தில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். "அவரக் கேளுங்க."

"முறைப்படி அவரு சொன்னாப் போதும்" என்றார் பூசாரி. "என்னங்க, துலுக்குச்சா?"

ஹரிணி கிடாயைப் பார்த்தாள். அது பாதிக் கண்ணை மூடி, சுகமாக அசை போட்டது. கழுத்திலிருந்து வால் வரை முதுகின் மேல் மஞ்சள் துளிகள் ஒன்றுகூடக் கலையாமல், ஊற்றிய இடத்திலேயே, சாயங்கால வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

உடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கிடாயின் முதுகை ஒரே இழுப்பில், கழுத்திலிருந்து வால் வரை, அழுத்தித் துடைத்தார். பிறகு இன்னொரு முறை.

"துலுக்கிருச்சு" என்றார். "பாவம், ஈரத்தோட நிக்கிது."

குலவைச் சத்தத்தில் கொக்குகள் மறுபடி எழும்பின. பிராங்க்ளின் பாட்டுப் போட்டுவிட்டார். உதயசூரியன் காரிலிருந்து இறங்க மறந்து உள்ளேயே ஆடினார். பூசாரி திருமுருகன் ஈரத் துண்டை ஒரு கணம் பார்த்தார். மனு எழுதுகிறவருக்கு எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டாம் என்று தெரியும். விபூதித் தட்டை எடுக்கப் போனார்.

ஹரிணி அப்பாவிடம் வந்தாள். கிடாயின் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்காமல் துண்டைப் பிழிந்து, கண்மாய்ப் பக்கம் உதறினார்.

"மொதநாளு ஸ்டார்ட் பண்ணுனதும் எம்புட்டு நேரம் கத்துச்சுன்னு எனக்குப் போன் போட்டுச் சொல்லணும்" என்றார். "அங்க குளுரு சாஸ்தி. ஒரு நிமிசத்துல அடங்காது."